ஐந்து மணிக்கு வரும் எகிப்துக்காரன்

இந்தக் காலத்தில் பைத்தியம் யார், தெளிந்தவன் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் ஒருத்தன் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். இப்போது நிக்கராகுவாவின் கிரனாடா ஊர்ப் பூங்காவில் சாயங்காலம் நாற்பது பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காதில் வயர், கையில் போன், காற்றைப் பார்த்து ஒரு சிரிப்பு... காசில்லாத இணையம் மாமரத்தடியில்தான் நன்றாகக் கிடைக்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் செத்து விழுந்தாலும் தெரியாது. உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பவனிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்பார்கள்.

குதிரை வண்டிக்காரர் எவாரிஸ்தோவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அதிலும் அந்த நாற்பது பேரில் தன் மகள் சொரைடாவும் ஒருத்தி என்பது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இங்கிலீஷ் படிக்கிறேன்ப்பா. டிசம்பருக்குள்ள பேச வந்துட்டா சதுக்கத்து ஹோட்டல்ல வேலை தர்றேன்னிருக்காங்க."

"எவன் சொல்லித் தர்றான்?"

"ஒரு இணையதளம்... இலவசம்ப்பா."

"இலவசமா எதுக்குத் தர்றான்?"

"தெரியலப்பா."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவருக்குப் பிடிக்காத இன்னொன்று மூன்று சக்கர வண்டி. மூன்று வருடமாகக் குதிரை வண்டிச் சவாரியை அதுதான் தின்றுகொண்டிருக்கிறது. ஜூன் மாத மழை நாளில் அப்படி ஒரு வண்டி வழுக்கிக்கொண்டு வந்து, அவருடைய குதிரை கனேலா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வாளியை இடித்துக் கவிழ்த்தது. ஓட்டி வந்தவன் யாடெர். இருபத்தைந்து வயது, வெடவெடவென்று உயரம்.

சொரைடா குடையை வீசிவிட்டுப் பாய்ந்தாள். "கண்ணை எங்க வச்சுட்டு வண்டி ஓட்டறே?"

"ரோட்டுலதான் வச்சிருந்தேன்... இப்பத்தான் வேற எங்கயோ போயிடுச்சு."

ஏரியில் மழை இறங்குவதற்கு முன் தண்ணீர் கறுக்குமே... அவள் கண்கள் எப்போதும் அந்த நிறம். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் ஒரு நொடி கூடுதலாகத்தான் பார்த்தாள். எவாரிஸ்தோ அதைக் கவனித்தார்.

"வாயை மூடிட்டுப் போய்த் தண்ணி எடுத்துட்டு வா!"

கொண்டுவந்தான். அன்றோடு நிற்கவில்லை. தினமும் நாலரை மணிக்கு வாளியை நிரப்பி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். எதற்கு நிரப்புகிறான்? அதுவும் இலவசம்தான். எவாரிஸ்தோவுக்குச் சந்தேகம் வளர்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஒருநாள், சோறும் பயறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, சொரைடா வேறு யாரைப் பற்றியோ பேசினாள்.

"அந்தத் தளத்துல ரெண்டு ரெண்டு பேராக் கோத்து விடுவாங்கப்பா. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். தினம் ஒரு கேள்வி குடுப்பாங்க, இருபது நிமிஷம் பேசணும். எனக்கு ஒரு எகிப்துக்காரன் கிடைச்சிருக்கான். பேரு சாமி. தினமும் அஞ்சு மணிக்கு. நமக்கு அஞ்சுன்னா அவனுக்கு ராத்திரி ஒரு மணிப்பா... எனக்காக முழிச்சிருக்கான்!"

"நீ நிக்கராகுவான்னு அவனுக்குத் தெரியுமா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேரையும் மாத்தி, பிலிப்பைன்ஸ்னு போட்டிருக்கேன். ஸ்பானிஷ் பேசறவங்க கூட்டம் அதிகம்ப்பா. ஒரே பாஷைக்காரங்களைச் சேர்த்தும் விட மாட்டாங்க. ஸ்பானிஷ்னு போட்டா மணிக்கணக்கா வரிசையில நிக்கணும். அதனால இங்க எல்லாருமே வேற நாடுன்னு போட்டுடுவாங்க."

"பொய்."

"பொய் இல்லப்பா... அவசரம்."

"அவனும் அவசரத்துல போட்டிருந்தா?"

"சேச்சே! நைல் நதியைப் பத்தி அவ்வளவு அழகாச் சொல்றான். அக்கரையே தெரியாதாம். அவங்க தாத்தா காலத்துல சுறா கூடத் திரியுமாம்..."

எவாரிஸ்தோ மெல்வதை நிறுத்தினார். நல்ல தண்ணீரில் சுறா திரிந்த இடம் என்று அவருக்கு ஒன்றுதான் தெரியும். வீட்டிலிருந்து எட்டுத் தெரு நடந்தால் அந்த ஏரியில் கால் நனைக்கலாம்.

மறுநாள் ஐந்து மணிக்கு வண்டி மேல் உட்கார்ந்தபடி கவனித்தார். மாமரத்துக்கு இந்தப் பக்க பெஞ்சில் சொரைடா. மரத்துக்கு அந்தப் பக்கம், முப்பது அடி தள்ளி, மூன்று சக்கர வண்டிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு யாடெர். இவள் பேசினால் அவன் தலையாட்டுகிறான். அவன் கையை ஆட்டினால் இவள் சிரிக்கிறாள். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு?

உறுதிப்படுத்திக்கொள்ள இறங்கிப் போய் அவன் வண்டிக் கம்பியைத் தட்டினார். "டேய்! மணி என்ன?"

யாடெர் பதறிப் போனை இரண்டு கையாலும் பொத்தினான். "அஞ்சேகால், பெரியவரே."

மரத்துக்கு மறுபக்கமிருந்து சொரைடாவின் குரல் கேட்டது. "ஹலோ...? ஹலோ...?"

எவாரிஸ்தோ திரும்பி வந்து கனேலாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். வேற்றுப் பாஷை பேசும்போது ஆளுக்குக் குரலே மாறிவிடுமோ? நேரில் பார்த்தால் முறைக்கிற பெண், முப்பது அடி தள்ளி அவனிடமே உருகுகிறாளே... வேடிக்கைதான். ஆனால் மூன்று சக்கர வண்டிக்காரனா? அவர் வாயே திறக்கப் போவதில்லை. அவர்களாகத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும். தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

மூன்று வாரம் அப்படியே போனது.

அந்த வியாழக்கிழமை சொரைடா தட்டைத் தொடவில்லை.

"சாமி ஞாயித்துக்கிழமை கப்பல் வேலைக்குப் போறான்ப்பா. இந்தப் போனும் இருக்காதாம். நாளைக்குத்தான் கடைசி. என் நிஜப் பேரைக் கேட்டான்... இத்தனை நாள் பொய் சொல்லிட்டு இப்ப எந்த முகத்தோட சொல்றது? நான் சொல்லல."

"போறவன் போகட்டும். கேள்விக்குப் பதில் சொல்லி வேலையப் பாரு. நாளைக்கு என்ன கேள்வி?"

"கண்ணை மூடிக்கிட்டு, காதுல விழறதை எல்லாம் சொல்லணுமாம்."

அவள் சிரிக்க முயன்றாள். அந்தக் கறுத்த கண்களில் மழை இறங்கிவிட்டது. எவாரிஸ்தோவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு வாளி நிரம்பியிருந்தது. இன்று அதன் பக்கத்தில் ஒரு வெல்லக்கட்டியும் இருந்தது. "நான் ஊருக்குப் போறேன், பெரியவரே. இனிமே வர மாட்டேன்," என்று யாடெர் கனேலாவின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனான். அவன் பார்வை ஒருமுறை சொரைடாவின் பெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது. காலியாக இருந்தது. அவள் இன்னும் வரவில்லை.

ஐந்து மணி. மேகம் கவிந்திருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் இவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

எவாரிஸ்தோவின் காலடியில் வண்டியின் பித்தளை மணி இருந்தது. ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அதை ஒருமுறை மிதிப்பார், கனேலாவுக்கு வெல்லம் கிடைக்கும். பதினோரு வருடப் பழக்கம். மணி கேட்டால் அது ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கனைக்கும்.

அவர் மகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். 'நாசமாப் போக' என்று முணுமுணுத்தார். மிதித்தார்.

டிங்!

கனேலா கழுத்தை உயர்த்திக் கனைத்தது.

சொரைடா சட்டென்று கண்ணைத் திறந்தாள். பத்தடி தள்ளிக் கேட்ட அதே மணி, அதே கனைப்பு... ஒரு மூச்சு தாமதித்து அவள் காதுக்குள்ளும் கேட்டது. எகிப்திலிருந்து! மறுபக்கம் யாடெரும் எழுந்து நின்றுவிட்டான். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே மரத்தைச் சுற்றி வந்தார்கள்... முட்டிக்கொள்ளாத குறை.

முதல் தூறல் விழுந்தது.

"நீயா?"

"நீங்களா... பிலிப்பைன்ஸ்?"

"பேசாதே! ராத்திரி ஒரு மணிக்கு எனக்காக ஒருத்தன் முழிச்சிருக்கான்னு நான் தினமும் அழாத குறையா... பாவி! நீ வண்டிக்குள்ள பொரி தின்னுட்டு உட்கார்ந்திருந்தியா?"

"நீங்க மட்டும்? எழுந்ததும் பல்லு கூட விளக்காம எங்கிட்டதான் முதல்ல பேசறீங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே!"

அவள் போனை அணைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நாலு அடிதான் போனாள்.

"சுறா..." என்றாள் திரும்பாமலே. "நைல்ல சுறான்னு சொன்னியே, எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"நாடும் பேரும்தாங்க பொய். மத்ததெல்லாம் நிஜம். வாளியைக் கவிழ்த்த அன்னிக்கே இந்தக் கண்ணுகிட்டப் பேசணும்னு நினைச்சேன்... தைரியம் வரல. தைரியத்தை அந்தப் பிலிப்பைன்ஸ்காரிகிட்டத்தான் கத்துக்கிட்டேன்."

"என் பேரு சொரைடா."

"தெரியும். உங்கப்பா தினமும் கத்தறாரே."

மழை வலுத்தது. யாரும் ஒதுங்கவில்லை.

"கப்பலாவது நிஜமா?"

"நிஜம். ஆறு மாசம்."

"அப்ப சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லு. இங்கிலீஷ்ல. தப்பில்லாம."

அவன் வாயைத் திறந்தான், மூடினான், காது சிவந்தது... சொன்னான். எவாரிஸ்தோவுக்குக்கூடப் புரிந்தது. வெள்ளைக்காரப் பயணிகள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிற அதே மூன்று சொல். சொரைடா அதை மெதுவாக, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு ஸ்பானிஷில் இன்னொரு தடவை சொன்னாள். அது பாடத்தில் இல்லாதது.

அப்புறம்தான் அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. "அப்பா! ஆறு மணி மணியை அஞ்சுக்கே ஏன் அடிச்சீங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கால் வழுக்கிடுச்சு. எனக்கு என்ன இங்கிலீஷா தெரியும்?"

யாடெர் நனைந்துகொண்டே கிட்டே வந்தான். "பெரியவரே... உங்களுக்கு ரொம்ப நன்றி. அந்தத் தளத்துக்கும்தான்..."

"டேய், கப்பல்ல இங்கிலீஷ்காரன் எவனையாவது பார்த்தா எனக்காக ஒண்ணு கேளு."

"என்ன கேக்கணும்?"

"இதையெல்லாம் எதுக்கு இலவசமாத் தர்றான்னு கேளு. ஏதோ இருக்கு. இல்லாம தர மாட்டான்."

வெல்லக்கட்டியைக் கனேலாவின் வாயில் கொடுத்தார். சுத்தமான வெல்லம்தானா என்று விரலை ஒருமுறை நக்கிப் பார்த்தார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் ஏரிப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.