ஆட்கள் 4

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, ஆனைக்குட்டம் சாலையில் இருந்த அந்தப் பட்டாசு ஆலைக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் ஆலை. அதன் பேக்கிங் கூடத்தில்தான் ஊர்க்காரர்களின் இசைக்குழு ஒத்திகை பார்க்கிறது. ஆசிரியர்கள், நர்சுகள், அச்சகத் தொழிலாளர்கள் என்று முப்பது பேர். வரும் சீசனில் மழை, ரயில், திருவிழா, நெருப்பு என நான்கு கச்சேரிகள். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது என் வேலை.

கூடத்துக்கு எதிரே, வெடித்துப்போன அறையின் ஒரு சுவர் மட்டும் நின்றது. கரியேறிய அந்தச் சுவரில், விதிப்படி எழுதிய வரி இன்னும் தெரிந்தது: ஆட்கள் 4. பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்தும் அறையில் அதற்கு மேல் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

குழுவை நடத்தும் தேவாசீர்வாதம் அந்த ஆலையில் வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மேனாக இருந்தவர். அன்று இறந்த நான்கு பேருக்காக அவர் அமைத்ததுதான் 'நெருப்பு'. அதன் முடிவில் பெரிய முரசு நான்கு முறை ஒலிக்கும். முரசு அடிப்பவள் பொன்மணி. ஒத்திகை தொடங்கும் முன் அவள் அவரிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நோட்டீஸ்ல எங்க அக்கா பேரையும் போடுங்க. செல்வலட்சுமியும் அன்னைக்கு இங்கனதான் வேலைக்கு வந்தா. எங்க அம்மா இன்னும் வாசக்கதவத் தாப்பா போடாம காத்துக்கெடக்கு."

"எத்தன தடவ சொல்றது? ரிஜிஸ்டர்ல நாலு பேருதான். ஒங்கக்கா எவன்கூட ஓடுனாளோ, யாரு கண்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொன்மணி போய் முரசுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

வயலின்கள் மெல்ல அடங்கின. முரசு ஒலித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

பொன்மணியின் குச்சிகள் மடியில் கிடந்தன.

"யாருலே அடிச்சது?" என்று கத்தினார் தேவாசீர்வாதம்.

கந்தக நெடி வந்தது. அதன் பின்னாலேயே, தீய்ந்த கூந்தலின் நாற்றம்.

முரசு தானாக மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. ஐந்தாவது அடியில் தேவாசீர்வாதத்தின் வலது கை வெடித்தது. இரண்டு விரல்கள், முன்வரிசையில் கிளாரினெட் வாசித்த ரீனாவின் இசைத்தாளில் வந்து விழுந்தன.

அவர் கதவை நோக்கி ஓடினார்.

மூன்று. நான்கு.

ஐந்தாவது அடி அவரைத் தூக்கிச் சுவரில் அறைந்தது. முழங்கால் எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. சட்டை எரிந்தது. முதுகுத் தோல் துணியோடு சுருண்டு உரிந்தது.

"அஞ்சு!" என்று அலறினார். "அஞ்சு பேரு இருந்தாக! ஆர்டர் அவசரம்னு நான்தான் செல்வலட்சுமிய உள்ள அனுப்புனேன். கெடச்சத சாக்குல கட்டி, பின்னால பாழுங்கெணத்துல போட்டேன்..."

தீ, யாரோ ஊதியதுபோல, சட்டென்று அணைந்தது.

ரீனா தன் துப்பட்டாவைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். பொன்மணி அழவில்லை. குச்சிகளைத் தரையில் வைத்தாள். தன் இசைத்தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த, இறந்த நான்கு பேரின் பெயர்களுக்குக் கீழே அக்காவின் பெயரை எழுதினாள்.

"போதும்க்கா," என்று முரசைத் தடவினாள். "வீட்டுக்கு வா."

முரசு நிதானமாக ஒலித்தது. நானும் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து வந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

தேவாசீர்வாதம் மட்டும் கண்களை இறுக மூடிக்கொண்டு, "வேண்டாம், இதுக்கு மேல எண்ணாத" என்று முனகினார்.

ஆறு.