பதினான்காவது ஓட்டை

கண்ணாடிக் கடைக்காரர் வந்தபோது காலை மணி ஒன்பது. வாசற்படியில் நின்றபடியே, "இங்க டார்ச்சம்மாங்கிறது…?" என்று இழுத்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். விரல்களில் கண்ணாடி கீறிய பழைய தழும்புகள்.

"நான்தான். உள்ள வந்து உட்காருங்க."

முப்பது ஆண்டுகள் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். ஓய்வு பெற்றும் கைப்பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்து வைக்கவில்லை. அதனால் அந்தப் பெயர். காரணம் தெரியாமல் ஈரமாகும் சுவர், பூட்டிய அறையில் கேட்கும் சத்தம் என்று யாராவது அவரைத் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். கூடவே எப்போதும் அவருடைய கணவரின் தம்பி இருப்பார். பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு ஒரு பெயர் இருப்பதையே தெரு மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான்.

கண்டக்டர் அப்போது செய்தித்தாளின் குறுக்கெழுத்துக் கட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "'ஓட்டாமல் ஓடுபவர், உட்காராமல் ஊர் சுற்றுபவர்.' ஆறெழுத்து. அண்ணி, தயவுசெஞ்சு விடையைச் சொல்லிடாதீங்க."

"சொல்லல," என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தவர் பக்கம் திரும்பினார் டார்ச்சம்மா. "சொல்லுங்க. என்ன விஷயம்?"

"எலிங்க."

கண்டக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. வந்தவர் அதைக் கவனித்துவிட்டார்.

"சாதாரணமா நினைக்காதீங்க சார். எனக்கு ரெட்டைக் குழந்தை, குறை மாசத்துல பிறந்துடுச்சு. அதுங்களும் என் பொண்டாட்டியும் ஏழு வாரமா ஆஸ்பத்திரியில. நாளன்னைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. வீட்டுல எலி இருக்கான்னு நர்ஸம்மா கேட்டாங்க. இல்லைன்னு பொய் சொல்ல எனக்கு வாய் வரல. அப்படின்னா எலி போனப்புறம் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. என் பொண்டாட்டி அழறா."

"ஓட்டையெல்லாம் அடைச்சாச்சா?"

"அடைப்புக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டு வந்து, ரெண்டு வாரம் முன்னாடியே பதினாலு ஓட்டை அடைச்சாச்சு. கதவுக்கு அடியில தகடு, ஜன்னலுக்கு வலை, சாக்கடைக்கு மூடி. எலிக்குப் படுக்கை ஆகுதுன்னு வீட்டுல ஒரு காகிதம் விடல, பேப்பர் வாங்கறதையே நிறுத்திட்டேன். ஆனா காலையில பார்த்தா சமையலறையில புழுக்கை. நேத்து பால்பவுடர் டப்பா மூடியைக் கடிச்சிருக்கு."

"எங்கேருந்து வருதுன்னு பார்த்தீங்களா?"

"தரையில மாவு தூவி வச்சேன். கால்தடம் பாத்திரம் கழுவற தொட்டிக்குப் பக்கத்துச் சுவர்லேருந்து கிளம்புது. அங்க இருக்கிறது பதினாலாவது ஓட்டை. பழைய குழாய் போன வழி. ஆனா அது அடைச்சது அடைச்சபடி இருக்குங்க! தினமும் கையை வச்சுப் பார்க்கிறேன்."

டார்ச்சம்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டிருந்தார்.

வீடு சிறியது. முன்பு ஒரே வீடாக இருந்து, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியது என்பது கூரையைப் பார்த்தாலே தெரிந்தது. கூடத்தில் கண்ணாடிக் கடைக்காரரின் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்துக்கு முன் கண்புரை அறுவை செய்திருந்தார்கள். ஒரு கண்ணில் பச்சைத் துணி. மற்றக் கண்ணுக்கும் ஆள் நிழலாகத்தான் தெரியும் என்றார் மகன்.

"அப்பா, இவங்கதான் டார்ச்சம்மா. கூட வந்திருக்கிறவர் கண்டக்டர்."

பெரியவர் முகம் மலர்ந்தது. "நடத்துநரா! உட்காராம ஊர் சுத்துனது போதும், உட்காருங்க ஐயா," என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"அப்பா அச்சுக்கூடத்துல பிழை திருத்தறவரா இருந்தவர். இங்கிலீஷ் வார்த்தை அவர் வாயில வராது," என்றார் மகன்.

கண்டக்டர் பெருமையாக உட்கார்ந்தார். டார்ச்சம்மா ஒரு கணம் பெரியவரையே பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அடைப்புக்காரர் அங்கே காத்திருந்தார். தோளில் சிமெண்டுப் பை, முகத்தில் கோபம். "பன்னெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேம்மா. ஒரு பென்சில் நுழையற சந்து போதும், சுண்டெலி நுழைஞ்சிடும். அது தெரியாம அடைப்பேனா? வேணும்னே ஓட்டை விட்டேன்னு இவர் தெருவெல்லாம் சொல்றாராம். இனி எவன் என்னைக் கூப்பிடுவான்?"

டார்ச்சம்மா ஒவ்வோர் அடைப்பாகப் பார்த்தார். பதின்மூன்றும் இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசியவை. நகத்தால் கீறினாலும் உதிரவில்லை. பதினான்காவது, ஆள் உயரமுள்ள மாவு டிரம்முக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. இதில் மட்டும் சிமெண்டு இல்லை. வெறும் இரும்பு நார்.

"இதுக்கு ஏன் பூசல?"

"பெரியவர்தான், குழாய் மாத்தணும், பூசிடாதேன்னார். ஆனா கெட்டியா திணிச்சிருக்கேன்."

டார்ச்சம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். நாரின் முகம் முழுக்கச் செந்நிறமாகத் துருப்பிடித்திருந்தது. சுவரைத் தொட்டார். உலர்ந்த சுவர். துரு உதிர்ந்த தடம்கூட இல்லை.

"அண்ணி, இதைப் பாருங்க!" கண்டக்டர் மண்டியிட்டுக் கூவினார். ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. "எலி போற வழியில உடம்பு உரசி எண்ணெய் ஒட்டும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேன். ஆனா அது தரையை ஒட்டி, கோடு மாதிரி இருக்கும். ரெண்டரை அடிக்கு மேல, வட்டமா, ஒரே இடத்துல தலையைத் தேய்க்கிற எலியை நான் பார்த்ததில்லை." அவர் சுற்றிலும் பார்த்தார். டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி. அதை டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். கறை சரியாக அவர் காதுக்கு நேரே இருந்தது.

எழுந்து, கைகளைத் தட்டிக்கொண்டார். "பக்கத்து வீட்டுல யாரு?"

கண்ணாடிக் கடைக்காரரின் குரல் மாறியது. "அப்பாவோட தம்பி. தனியாள். பதினோரு வருஷமா எங்களுக்குள்ள பேச்சில்லை."

"என்ன சண்டை?"

"ரெண்டு பேரும் ஒரே அச்சுக்கூடம். ஒரு கல்யாணச் செய்தியில, 'மணமக்கள் இனிதே மணந்தனர்'ங்கிறது 'இனிதே மறைந்தனர்'னு அச்சாயிடுச்சு. கடைசியா படிச்சவர் அவர்தான். ஆனா அண்ணன் படிச்சார்னு முதலாளிகிட்ட கையைக் காட்டிட்டார். எங்கப்பாவுக்கு வேலை போச்சு. அன்னைக்கே சொன்னேன், நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு."

"அப்போ விஷயம் முடிஞ்சது!" கண்டக்டர் துள்ளினார். "அந்த மனுஷன்தான் அந்தப் பக்கத்துலேருந்து நாரைத் தள்ளி எலியை விடறார். பழி வாங்கறார்!"

"தள்ளினா நார் இந்தப் பக்கம் விழுந்து கிடக்கும். காலையில தானா எழுந்து ஓட்டைக்குள்ள போய் உட்காராது," என்றார் டார்ச்சம்மா. "அப்பாவையும் கூப்பிடுங்க. எல்லாரும் இருக்கட்டும்."

பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். டார்ச்சம்மா இரும்பு நாரைப் பிடித்து இழுத்தார். அது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. உள்ளே இருந்த முனை புதிதுபோல் பளபளத்தது.

"இந்த வீட்டுப் பக்கம் சுவர் காய்ஞ்சு கிடக்கு. அப்போ ஈரம் அந்த வீட்டுப் பக்கம்தான் இருக்கணும். நார் எந்தப் பக்கம் துருப்பிடிக்கணும்?"

"அந்தப் பக்கம்," என்றார் அடைப்புக்காரர். உடனே அவர் கண்கள் விரிந்தன. "திருப்பி வச்சிருக்காங்க!"

"ஆமா. யாரோ எடுத்துட்டு, திரும்ப வைக்கும்போது முனை மாறிடுச்சு. எலி நாரைப் பிடுங்கிப் போடலாம், ஆனா வேலை முடிஞ்சதும் வழியை அடைச்சுட்டுப் போகாது. அப்போ மனுஷக் கை. ராத்திரி வீட்டுக்குள்ள இருக்கிற கை. அடைப்புக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

அடைப்புக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"ராத்திரி வீட்டுல ரெண்டே பேர்," என்று தொடர்ந்தார் டார்ச்சம்மா. "எலியை ஒழிக்கணும்னு என்னைத் தேடி வந்தவர் எடுத்திருக்க மாட்டார். முனை மாறினது கண் தெரிஞ்சவர் செய்யற தப்பும் இல்லை. அதனால யாருங்கிறது சுலபம். ஏன்னுதான் எனக்குப் புரியல. அப்புறம் கூடத்துல கேட்ட ஒரு வார்த்தை ஞாபகம் வந்துச்சு."

"என்ன வார்த்தை?" என்றார் கண்டக்டர்.

"நடத்துநர். அதை மட்டும் சொல்லியிருந்தா, பிழை திருத்தறவர் தமிழ்னு விட்டிருப்பேன். ஆனா 'உட்காராம ஊர் சுத்துனது போதும்'னாரே. அது இன்னைக்குக் காலைப் பேப்பர்ல வந்த குறுக்கெழுத்து. ஆறெழுத்து."

கண்டக்டர் விரல் விட்டு எண்ணினார். "ந, ட, த், து… ஐயையோ! முப்பது வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன்!"

"இந்த வீட்டுக்குப் பேப்பர் வர்றதில்லை. வந்தாலும் ஐயாவால படிக்க முடியாது. அப்போ இன்னைக்குப் பொழுது விடிஞ்சதும் யாரோ அவருக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. எந்த வழியா?" அவர் கையிலிருந்த நாரைப் பார்த்தார். "ஐயா, மீதியை நீங்களே சொல்லிடுங்க."

பெரியவர் முக்காலியைக் காலால் தேடி உட்கார்ந்தார்.

"கண் அறுவை ஆன வாரம். நீ பத்திரிகையை நிறுத்திட்டே. கட்டம் போடாம எனக்குக் கை நமநமன்னுச்சு. இங்க உட்கார்ந்து தனியா புலம்பிக்கிட்டிருந்தேன். திடீர்னு சுவருக்குள்ளேருந்து குரல். 'மேலிருந்து கீழ், மூணாவது. சொல்லட்டுமா?'ன்னான். பதினோரு வருஷத்துக்கப்புறம் அவன் என்கிட்ட பேசின முதல் பேச்சு அது."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் மகன்.

"எத்தனை எழுத்துன்னு கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அவன் ஒத்தையில இருக்கான்டா. போன மாசம் மயங்கி விழுந்து, ராத்திரி பூரா யாருக்கும் தெரியாம கிடந்திருக்கான். அதான் படுக்கப் போகும்போது நாரை எடுத்து வைப்பேன். இருமல் கேட்டுக்கிட்டிருந்தா எனக்குத் தூக்கம் வரும். விடிஞ்சதும் கட்டத்தை முடிச்சிட்டு அடைச்சிடுவேன். எலி அந்த வழியாத்தான் வருதோன்னு சந்தேகம் இருந்துச்சு. குழந்தைங்க வர்றதுக்கு முந்தின நாள் பூசச் சொல்லிடலாம்னு இருந்தேன். இன்னும் ரெண்டு நாள், இன்னும் ஒரு நாள்னு…"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா!"

"எப்படிச் சொல்றது?" பெரியவர் பச்சைத் துணியை விரலால் சரிசெய்தார். "எனக்காகத்தானே நீ பதினோரு வருஷமா கோபத்தைத் தூக்கிக்கிட்டுத் திரியறே. உன் கல்யாணத்துக்குக்கூட அவனைக் கூப்பிடல. எனக்குக் கோபம் எப்பவோ போயிடுச்சுடான்னு உன்கிட்ட சொன்னா, நீ இத்தனை நாள் சுமந்ததுக்கு என்ன அர்த்தம்?"

கண்ணாடிக் கடைக்காரர் போய்க் குழாயைத் திறந்தார். தொட்டியில் முகத்தைக் கழுவினார். வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

அடைப்புக்காரர்தான் தொண்டையைக் கனைத்தார். "ஒரு விஷயம் சொல்லணும். இந்த ஓட்டையை மட்டும் பூசினா பத்தாதுங்க. எலி குடியிருக்கிறது அந்த வீட்டுல. ஜன்னல் வழியா பார்த்தேன், பழைய பேப்பர் கட்டு கட்டா கூரை வரைக்கும் இருக்கு. அதைக் காலி பண்ணி அங்கயும் அடைச்சாத்தான் இங்க நிம்மதி. இல்லைன்னா வேற வழி குடைஞ்சுக்கிட்டு வரும்."

"அதுக்கு அந்த வீட்டுக்காரர் சம்மதிக்கணுமே," என்றார் கண்டக்டர்.

"கேட்டாத்தானே சம்மதிப்பார்," என்றார் டார்ச்சம்மா. விளக்கை அணைத்துப் பையில் வைத்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அடுத்த வாசல் எட்டு அடி தூரம்தான். அவர் அதன் முன்னால் போய் நின்றார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார், இறக்கினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், மறுபடி தூக்கினார்.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. மெலிந்த மனிதர் ஒருவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார். மார்போடு ஒரு பெரிய பேப்பர் கட்டு. அவருக்குப் பின்னால் நடையில் இன்னும் நாலைந்து கட்டுகள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் பேசியது எதையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்தது.

"சித்தப்பா," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "குழந்தைங்க…"

"தெரியும். பொண்ணு ரெண்டு கிலோ தாண்டிட்டா. பையன்தான் இன்னும் கொஞ்சம் தேறணும்." அவர் கொஞ்சம் அதட்டலாகவே பேசினார். "நாளன்னைக்கு வர்றாங்க, இருக்கிறது ஒன்றரை நாள். நீ என்னடான்னா வாசல்ல மரம் மாதிரி நிக்கிறே. கட்டு கனக்குது, ஒரு பக்கம் பிடி."

கண்ணாடிக் கடைக்காரர் படியேறி உள்ளே போய் மறுபக்கத்தைப் பிடித்தார்.