இருக்கையின் பின்பக்கம்

இருக்கையின் முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் தம்பியின் முதுகு, ஒரு பக்கம் சற்றே தூக்கலான தோள், ஒட்டிப்போன இடுப்பு எல்லாம் அந்த மஞ்சள் நுரையில் அப்படியே பதிந்து இறுகியிருந்தன. பின்பக்கம்தான் உறுத்தியது. அது காரின் கார்பன் கூட்டைத் தொட்டபடி இறுகும் பக்கம். கூட்டின் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பின்பக்கமும் அப்படித்தான் வர வேண்டும். வந்திருந்ததோ வரிவரியாக. நடுவிலிருந்து பிரிந்து, இரு புறமும் வளைந்து இறங்கும் மெல்லிய பள்ளங்கள்.

பை மடிந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பந்தயக் காருக்கு இருக்கையைக் கடையில் வாங்க முடியாது. ஓட்டுபவர் உட்காரும் காக்பிட் குழிக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, ஓட்டுபவரை அதன் மேல் உட்காரவைத்து, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்ற வேண்டும். கலவை பொங்கி, சூடேறி, உடம்புக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கிற இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டு கல்லாகிவிடும். நடுவில் என்ன இருந்தாலும் அதன் அச்சு விழும். அவள் பல வருடங்களாகச் செய்யும் வேலை இது. தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்த எத்தனையோ வீரர்களின் மானத்தை அந்த நுரை வாங்கியிருக்கிறது.

தம்பியைத் திரும்ப உட்காரச் சொன்னாள்.

"என்னக்கா, மறுபடியுமா? விருந்தாளிங்க வர்ற நேரத்துல நான் குழிக்குள்ள ஊறிக்கிட்டு இருக்கணுமா?"

"உட்காருடா. பை மடிஞ்சிருச்சு."

அன்று பிற்பகல் புதிய காரின் அறிமுக விழா. மறுநாள் காலையில் தடத்தில் முதல் ஓட்டம். அணியின் முதலாளியைத் தலைவர் என்றுதான் கூப்பிட வேண்டும். அவரே அப்படிச் சொல்லியிருந்தார். 'இது கார் அல்ல, ஒரு கருத்து' என்பது அவருடைய இந்த வருடத்து வாசகம். அந்தக் கருத்துக்குச் சென்ற வாரம் வரை பிரேக் பிடிக்கவில்லை. போன பருவத்தில் தம்பி பாதிப் பந்தயங்களை முடிக்கவே இல்லை. இந்தக் கார்தான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அவன் கொஞ்சம் முகம் சுளித்தாலும் போதும், தலைவரின் மருமகன் ஹெல்மெட்டோடு தயாராக இருந்தார். மூன்று வேளையும் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும் மனிதர் ஹெல்மெட் போடத் துடித்தது அவளுக்கு எப்போதும் புரியாத விஷயம்.

பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. குழல் விளக்குகளின் வெளிச்சத்தில் பகலும் இரவும் ஒரே வெள்ளையாக இருக்கும். அவள் கலவையை ஊற்றினாள். நுரை பொங்கும்போது ஈரத்துணியை மெதுவாகப் பிழிவது போல ஒரு சத்தம் வரும், கூடவே பழுத்து அழுகப்போகும் பழத்தின் தித்திப்பில் கொஞ்சம் பெயின்ட் கலந்த மாதிரி ஒரு வாசனையும் வரும்; இரண்டுமே அவளுக்குப் பழகிப்போனவை, இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேலையிலும் தலைமுடியிலும் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். ஆனால் அந்த வாசனைக்கு அடியில் இன்று வேறொன்று இருந்தது. பூட்டிய அறையில் நெடுநாள் படுத்துக் கிடந்தவரின் தலையணை வாசனை. சத்தத்துக்கு அடியிலும் வேறொன்று. தம்பி மூச்சு விட்டான். அவன் விட்டு முடித்த பிறகு, சற்றுப் பிந்தி, இன்னொரு மூச்சு.

அவள் காதைக் கூட்டின் ஓரத்தில் வைத்தாள். கார்பன் சில்லென்றிருந்தது.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்குக்கா. யாரோ பின்னாலேருந்து கெட்டியா பிடிச்சிருக்க மாதிரி."

ஓட்டுபவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். இடைவெளியே தெரியக் கூடாது, கார் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு நாளாக இருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அவன் எழுந்ததும் இருக்கையை வெளியே எடுத்துத் திருப்பினாள். பள்ளங்கள் இப்போது ஆழமாக இருந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அவை விலா எலும்புகள். தொடைகளுக்கு வெளிப்புறத்தில் இரண்டு நீளமான அச்சுகள். கால்களை அகட்டி, நடுவில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டால் விழுகிற மாதிரி. இடுப்பின் இரு பக்கத்திலும் உள்ளங்கைகள்.

கூட்டுக்குள் கையை விட்டுத் தடவினாள். மூலை, மடிப்பு, அடி. ஒன்றுமில்லை. வழவழப்பு. ஆனால் அடியில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி. அல்லது எழாத நாற்காலி மாதிரி.

எடை பார்க்கப் புள்ளிக்காரர் வந்தார். தலைமைப் பொறியாளர். எந்த எடையைச் சொன்னாலும் ஒரு தசமப் புள்ளி வைத்து அதற்குப் பின் நாலு எண் சொல்லுவார் என்பதால் அந்தப் பெயர். சக்கரங்களுக்கு அடியில் எடைத்தட்டுகளை வைத்துப் பார்த்தார். காலியாக நின்ற கார் நேற்றைவிடக் கனமாக இருந்தது. எவ்வளவு என்று அவள் கேட்டாள். ஓர் ஆள் அளவுக்கு என்று, வாழ்க்கையில் முதல்முறையாகப் புள்ளி இல்லாமல் சொன்னார். பிறகு தட்டுகள்தான் கெட்டுவிட்டன என்று முடிவு செய்து, நேற்றைய எடையையே காட்டும்படி அவற்றைத் திருத்தினார். அணியின் வழக்கம் அது: கணக்கு ஒத்துவராவிட்டால் கருவிதான் குற்றவாளி. அந்த அதிகப்படியான ஆளை இனி எந்தத் திரையும் காட்டாது.

அவள் இருக்கையைத் தூக்கிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று பணிவாகச் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். பின்பக்கத்தைக் காட்டினாள். விலாவைக் காட்டினாள். கைகளைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அற்புதம் என்றார். கட்டியணைக்கும் கார் என்று விளம்பரத்தில் போடலாம் என்றார். நாம் ஓர் அணி அல்ல, குடும்பம் என்பதை இது எவ்வளவு அழகாக உணர்த்துகிறது என்றார்.

"சார், உள்ள யாரோ இருக்காங்க சார்."

"தூக்கம் போதலையாம்மா? உன் தம்பிக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடு. மாப்பிள்ளை ரெடியா இருக்கார்."

அந்த நொடியில் அவளுக்குள் எழுந்த நினைப்பு நல்லதல்ல. அதை அவள் தள்ளவும் இல்லை.

"மாப்பிள்ளையையே உட்கார வைங்க சார்," என்றாள்.

மருமகன் வந்தார். முடியைக் கோதிக்கொண்டார். இருக்கை இல்லாத வெறும் கூட்டுக்குள், தம்பியின் உடம்பில் பாதியே உள்ள அந்த மனிதர், கால் வைத்து மெல்ல இறங்கினார். இடுப்பு வரை இறங்கியதும் நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பை எடுக்க மறந்துபோனார். பிறகு, கூட்டத்தில் தவறான நாற்காலியில் உட்காரப் போனவர் போல, மன்னிப்புக் கேட்கும் குரலில், "இடமில்லை," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. ஏறி, இறங்கி, தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹெல்மெட் மேசைமேலேயே இருந்தது.

அவள் தம்பியைத் தேடி உடைமாற்றும் அறைக்கு ஓடினாள். அவன் பந்தய உடையை இடுப்பு வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடுப்பின் இரு பக்கமும் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டாள். நுரைச் சூடு என்றான். விரல் விரலாகவா சுடும் என்று கேட்டாள். அவன் உடையை மேலே இழுத்துவிட்டான்.

"வேண்டாம்டா. கெஞ்சிக் கேக்கறேன். வேற வேலை பார்த்துக்கலாம். நான் இருக்கேன்ல."

"நீ இருந்துக்கிட்டேதான்க்கா இருக்கே. நான்தான் இன்னும் ஒரு ஆளா ஆகலை." ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்கும் மூச்சு கேக்குது. இறங்கினா இந்த உலகத்துல யாரும் என்னை ஏத்திக்க மாட்டாங்க. அது மட்டும்தான் ஏத்திக்குது."

அவள் எழுந்தாள். இனி ஒரே வழி.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம். பட்டறைக் கதவைச் சாத்தினாள். பையில்லாமல் ஊற்றினால் நுரை கார்பனோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கூட்டையே அறுத்தாலொழிய வராது. இந்தத் தொழிலில் அது மன்னிக்க முடியாத தவறு, வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருவது. அதைத்தான் செய்யப்போகிறாள். காக்பிட் முழுக்க நிரப்பிவிட்டால் யாராலும் உட்கார முடியாது. விழா போகும். பருவம் போகும். தம்பி அவள் முகத்திலேயே விழிக்க மாட்டான். உயிரோடு விழிக்காமல் இருக்கட்டும்.

இருந்த கலவை எல்லாவற்றையும் ஊற்றினாள். நுரை எழும்பியது. ஓரங்களில் ஏறியது. சுவர்களைப் பிடித்துக்கொண்டு விளிம்பு வரை வந்தது.

நடுவில் ஏறவில்லை.

இன்னும் ஊற்றினாள். நுரை நடுப்பகுதியைத் தொட்டு, விலகி, சுற்றிக்கொண்டு போனது. யாருமில்லாத இடத்தில் ஒரு மடி உருவானது. மார்பு. தோள்கள். இரண்டு கைகள், முழங்கையில் மடங்கி, முன்னால் நீண்டு, விரித்தபடி. எல்லாம் வெறும் குழி. ஆள் இல்லாத ஆளின் அச்சு. மேற்பரப்பு இறுகியது. இறுகிய பிறகும் அசைந்தது. மெல்ல எழுந்தது. மெல்ல இறங்கியது.

அவள் சுத்தியலை எடுத்தாள்.

கதவு திறந்தது.

தலைவர் விருந்தாளிகளை முன்னதாகவே அழைத்து வந்துவிட்டார். காமிராக்கள். பூங்கொத்து. கைத்தட்டல். நடுவில் தம்பி, ஹெல்மெட் அணிந்து, அதன் முகப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு.

"பார்த்தீங்களா, ஒரே மூச்சுல முடிச்சிட்டா," என்றார் தலைவர். "குடும்பம்னா இதுதான்."

கத்தினாள். கைத்தட்டலில் கேட்கவில்லை. தம்பி காரின் விளிம்பில் கையூன்றி ஒரே தாவாகத் தாவினான். உள்ளே நின்றான். அவளைப் பார்த்தான். சறுக்கி இறங்கினான்.

கச்சிதமாகப் பொருந்தியது.

சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் கையைப் பிடித்தாள். இழுத்தாள். காலை வண்டியில் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. ஃபிளாஷ்கள் வெட்டின. யாரோ ரசித்துச் சிரித்தார்கள்.

"அக்கா," என்றான். குரல் சின்னதாக இருந்தது. "பெல்ட்டைத் தளர்த்துக்கா. ரொம்ப இறுக்கிட்டே."

அவள் பார்த்தாள். பெல்ட்டுகளை இன்னும் யாரும் மாட்டவில்லை. அவை காரின் இரு பக்கமும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

அவன் மார்பில், புத்தம் புது உடையின் துணியில், ஒரு குழி விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. விரல் விரலாக. இடப்பக்கத்திலிருந்து ஒரு கை. வலப்பக்கத்திலிருந்து ஒரு கை. நிதானமாக, அவசரமே இல்லாமல், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவை நடுவில் வந்து கோர்த்துக்கொண்டன.