பதினாலு பேரையும் ஸ்கிப் செய்தவன்

பத்து நாளாக ஒரு துளி மழை இல்லை. வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்றாவது மாடி வீட்டின் சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "வெளிய தண்ணி நிக்குது. செருப்பு போட்டுட்டுப் போ."

அவன் எங்கும் போவதாக இல்லை. அக்கா சொன்னதைக் காதிலும் வாங்கவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "ம்ம், ம்ம், ம்ம்" என்றது.

மூன்று 'ம்ம்' போட்டால் எந்தப் பேச்சும் முடிந்துவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. கேமில் வசனம் வந்தால் ஸ்கிப் பட்டனை அமுக்குவான். வீட்டில் அக்கா பேசினால் மூன்று 'ம்ம்' போடுவான். இரண்டுக்கும் அவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

கோடாலி என்பது அவன் நடத்தும் வீடியோ சேனலின் பெயர். ரோல்-பிளேயிங் கேம்களை வெட்டிப் பிளந்து ரிவ்யூ போடுவதால் தானே வைத்துக்கொண்ட பெயர். நாளடைவில் எல்லோருக்கும் அவனே கோடாலி ஆகிவிட்டான். அக்காவுக்கு மட்டும் இன்னும் சின்னவன். அவளும் அவனும்தான் அந்த வீடு. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவன் ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறையில், ஒரு மைக்குக்கும் ஒரு கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டினான்.

இப்போது ஹெட்போனில் மியூசியம் இருந்தான். பழைய கேம்களைக் கட்டிக்கொண்டு அழுவதால் அந்தச் சினேகிதனுக்கு அந்தப் பெயர்.

"புதுசுல என்னதான்டா குறை உனக்கு?" என்றான் மியூசியம்.

"அதெல்லாம் கேமா? சுற்றுலாடா. மேல ஒரு அம்புக்குறி, கீழ ஒரு கோடு, 'இப்படி வாங்க சார், பூதத்தைக் கொல்லுங்க சார்'னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான். நூறு மணி நேரம் ஓடுதுன்னு பெருமை வேற. அதுல அறுபது மணி நேரம் குதிரை மேல உக்காந்து புல்லு பாக்கறோம். நாம என்ன மாடா?"

"அப்ப பழசு நல்லதுன்னு ஒத்துக்கோ."

"பழசு அதைவிடக் கேவலம். எலிய அடி, எலிய அடி, எலிய அடி, லெவல் ஏறு. இதுக்கு நெசமாவே எலி புடிக்கற வேலைக்குப் போயிடலாம். ஏதாவது குடுப்பான். நீ அனுப்பின அந்தக் குளத்தங்கரை கேம் இருக்கே, அதுக்கெல்லாம் சிகரம். காலையிலதான் ஆடி ரெக்கார்ட் பண்ணேன். நாப்பது நிமிஷம். ஊருக்குள்ள பதினாலு பேரு. ஆளுக்கு ஒரே ஒரு வசனம். கிளிப்பிள்ளைக்குக்கூட நாலு வார்த்தை தெரியும்டா!"

மியூசியம் குறுக்கிட்டான்.

"மொத தடவை அவங்க பேசினப்ப படிச்சியா?"

"எவன் படிப்பான்? பட்டனை அமுக்கிட்டே போனேன்."

"பதினாலு பேரையுமா?"

"பதினாலு பேரையும்தான். கடைசி ஆளுகிட்ட மட்டும் வசனப் பெட்டி தொறந்தே இருந்துச்சு. நான் கேமராவைப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தேன்."

"டேய்," என்றான் மியூசியம். "அந்த கேமோட விஷயமே அதான். ஒவ்வொருத்தனும் சொல்ல வேண்டியத ஒரே ஒரு தடவைதான் சொல்லுவான். நீ தள்ளிவிட்டா, அதுக்கப்புறம் அவன்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒத்த வசனம்தான். குளத்துத் தண்ணி ஊருக்குள்ள வராம எப்படித் தடுக்கறதுன்னு ஆளுக்கொரு துண்டா சொல்லுவாங்க. நாலஞ்சு பேரைத் தள்ளிவிட்டவனுக்கே தண்ணி தெருவரைக்கும் வந்துடும். தெரிஞ்ச குரல்ல கூப்பிடும்."

"பதினாலையும் தள்ளிவிட்டா?"

"யாருக்குத் தெரியும்? உன்னளவு திமிரு புடிச்சவன் இதுவரைக்கும் அதை ஆடினதில்ல."

கோடாலி விழுந்து விழுந்து சிரித்தான். "செம சீன்டா. வீடியோவுக்கு இதையே தலைப்பா வெக்கறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான். ஹெட்போனைக் கழற்றியதும் வீட்டின் சத்தம் காதுக்குள் வந்தது. மின்விசிறியின் கிரீச். எங்கோ ஒரு மோட்டார். சமையலறையில் துணியில் கை துடைக்கும் மெல்லிய சரசரப்பு.

"வெளிய தண்ணி நிக்குது. செருப்பு போட்டுட்டுப் போ."

அதே வார்த்தைகள். 'தண்ணி'க்கு முன்னால் அதே சின்ன மூச்சு. 'போ'வில் அதே இறக்கம்.

அவன் எழுந்து போனான். அக்கா அடுப்பு மேடைக்கு முன்னால், ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டு ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் மேல் இருந்தது. அடுப்பு எரியவில்லை. தொட்டியில் பாத்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை, இடது கை, பிறகு மறுபடியும் வலது கை. குழாய் இறுக மூடியிருந்தும், நாட்பட நின்ற தண்ணீரில் பாசி மக்கினால் வருமே, அந்தப் பச்சை வாடை அறை முழுக்கத் தேங்கியிருந்தது.

"எங்க தண்ணி நிக்குது? மூணாவது மாடில என்ன கப்பலா ஓடுது?"

அவள் திரும்பினாள். முகம் கனிவாகத்தான் இருந்தது. "வெளிய தண்ணி நிக்குது. செருப்பு போட்டுட்டுப் போ."

"விளையாடாத அக்கா."

"வெளிய தண்ணி நிக்குது. செருப்பு போட்டுட்டுப் போ."

"மியூசியம் உனக்கு ஃபோன் பண்ணானா? ரெண்டு பேரும் சேர்ந்து கலாய்க்கறீங்களா?"

மூச்சு. இறக்கம். அதே வசனம். பேசி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலது கை, இடது கை.

அவள் தோளைத் தொட்டான். கோட்டுத் துணி ஜில்லென்று நனைந்திருந்தது.

அறைக்கு ஓடினான். குளத்தங்கரை கேமை மறுபடி திறந்தான். காலையில் பார்த்த அதே அசிங்கமான பச்சைக் கட்டங்கள், அதே ஓட்டு வீடுகள். ஆனால் தெருவில் ஆள் இல்லை. பதினாலு பேரில் ஒருத்தன்கூட இல்லை. வீட்டுக் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. தரையெல்லாம் தண்ணீரின் நீலம்.

மியூசியத்தைக் கூப்பிட்டான். சிரிப்பு வரவில்லை, திக்கித் திக்கித்தான் விஷயத்தைச் சொன்னான்.

"காலையில உங்க அக்கா ஏதாவது சொன்னாங்களா?" என்றான் மியூசியம்.

அப்போதுதான் நினைவு வந்தது. ரெக்கார்ட் செய்யும்போது அக்கா அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எதையோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அவன் திரும்பாமலே மூன்று 'ம்ம்' போட்டான். அவள் போய்விட்டாள்.

"டேய், அப்ப அது உன் ரெக்கார்டிங்ல இருக்கும்" என்றான் மியூசியம். "போய்க் கேளு. இப்ப நான் சொல்றத நல்லாக் கவனி, இது ரொம்ப முக்கியம். அவங்க வசனம் முழுசாக் கிடைச்சா, நீ அவங்க எதிர்ல போய் நின்னு…"

கோடாலியின் கை ஏற்கெனவே காலை ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தது. கண் திரையில். மனம் திரையில். வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"ம்ம்," என்றது. "ம்ம். ம்ம்."

மறுமுனையில் பேச்சு பாதியில் நின்றது.

"டேய்? எதிர்ல போய் நின்னு என்ன? மியூசியம்?"

"சார்ஜ் கம்மியா இருக்குடா. அப்புறம் பேசறேன்."

"இரு இரு! சாரிடா! இன்னொரு தடவை சொல்லு!"

"சார்ஜ் கம்மியா இருக்குடா. அப்புறம் பேசறேன்."

மூன்றாம் முறை அதைக் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஃபோனைக் குப்புறப் போட்டான். குப்புறக் கிடந்தபடியே அது மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

காலை ரெக்கார்டிங்கை ஓடவிட்டான். முதலில் தன் குரலே கேட்டது. 'பதினாலு முட்டாளுங்க, ஒரு குளம், நடுவுல மாட்டிக்கிட்ட நான்…' இருபத்தெட்டாவது நிமிடத்தில் கதவு திறக்கும் சத்தம். அக்காவின் காலடி. அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

சின்ன வயதில் அவனுக்கு வேகமாகப் படிக்க வராது. கேமில் வசனப் பெட்டி வந்தால் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வாள். வெறுமே படிக்க மாட்டாள். கடைக்காரனுக்கு மூக்கால் ஒரு குரல், சூனியக்காரிக்குக் கீச்சுக் குரல், ராஜாவுக்குத் தொண்டையில் கல்லைப் போட்டது போல ஒரு குரல். பட்டனை அமுக்காதே அக்கா, இன்னும் ஒரு தடவை என்று அவன் கெஞ்சிய காலம் உண்டு. இன்றும் அவள் அவன் தோளுக்கு மேலாகப் படித்திருக்கிறாள். அவன் கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, திறந்து கிடந்த அந்தக் கடைசிப் பெட்டியை, முழுதாக.

"சின்னவனே," என்றது பதிவில் அக்காவின் குரல். "திரும்பிப் பாருடா. இதுல எழுதியிருக்கறது அந்த ஊரப் பத்தி இல்ல. மூணாவது மாடின்னு எழுதியிருக்கு. நம்ம கதவு நம்பர் எழுதியிருக்கு."

மேலே அவன் குரல் ஓடியது: 'கதையாம் கதை! கழுதைக்குக்கூட இதைவிட நல்லா எழுத வரும்!'

"மதியம் வாசல் மணி அடிக்கும். என் குரல்தான் கேக்கும். ஒரு தடவைதான்டா சொல்ல முடியும்னு போட்டிருக்கு, தயவுசெஞ்சு கேளு. என் குரல் கேட்டதும் நீ உடனே…"

அந்த இடத்தில் அவன் சிரித்திருந்தான்.

பதினோரு நொடி. தானே ரசித்து, மேஜையைத் தட்டி, இருமி, மறுபடி சிரித்த சிரிப்பு. அதற்கு அடியில் அக்காவின் குரல் எறும்பு போல ஊர்ந்தது. சத்தத்தைக் கூட்டினான். சிரிப்பும் கூடியது. வேகத்தைக் குறைத்தான். சிரிப்பு நாய் உறுமுவது போல நீண்டது. திறக்கச் சொன்னாளா? திறக்காதே என்றாளா? சிரிப்பு ஓய்ந்ததும் மிச்சமிருந்தது மூன்றே மூன்று சத்தம்.

ம்ம். ம்ம். ம்ம்.

பதிவின் படத்தைப் பார்த்தான். அந்த வசனப் பெட்டி திரையின் கீழ்மூலையில் திறந்துதான் இருந்தது. அதே கீழ்மூலையில்தான் எல்லா வீடியோவிலும் போல இதிலும் தன் முகத்தை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தான். எழுத்தெல்லாம் அந்த முகத்துக்குப் பின்னால். முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

வாசல் மணி அடித்தது.

"சின்னவனே! டேய், கதவைத் தொற! எவ்வளவு நேரமா நிக்கறேன்!"

அக்கா.

கூடத்துக்கு வந்தான். பட்டப்பகல் வெளிச்சம் தரையெங்கும் கிடந்தது. வலதுபுறம் சமையலறையில், ஜன்னலைப் பார்த்து நிற்கும் அக்காவின் முதுகு. அவள் பாதங்களைச் சுற்றி ஒரு மெல்லிய ஈரம். எதிரே கதவு. கதவுக்கு அடியிலும் ஈரம்.

"உள்ள இருக்கறது யாருடா? அவகிட்ட பேசாத!" என்றது கதவு. "லேபுக்கு அவசரமாக் கூப்பிட்டாங்கன்னு போயிட்டு இப்பத்தான் வரேன். சாவி உள்ள மாட்டிக்கிச்சு. ஏன்டா பேச மாட்டேங்கற? கோவமா?" பிறகு மூக்கால், பழைய கடைக்காரனின் குரலில், "வாங்க வீரரே, என்ன வேணும்? கத்தியா, கேடயமா?"

அவனுக்குக் கண் கலங்கியது. அந்தக் குரல் உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே இருப்பவளுக்கு எத்தனை வசனம்! உள்ளே இருப்பவளுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் பேச்சைத் தொலைத்தவள் யார்? அவன் கேட்காததால் தொலைத்தவள்?

தாழ்ப்பாளில் கை வைத்தான். இரும்பு நனைந்திருந்தது.

"அக்கா," என்றான். "காலையில நீ என்ன சொன்ன? அதை மட்டும் சொல்லிடு. நான் கேக்கறேன். சத்தியமா இந்தத் தடவை கேக்கறேன். உன்னை ஒரு நாளும் கேட்டதில்ல. தப்புதான். எல்லாத்தையும் மட்டம் தட்டித் தட்டியே… அக்கா, தொறக்கணுமா, வேண்டாமா? சொல்லேன்!"

கதவுக்கு வெளியே பேச்சு நின்றது.

தண்ணீர் எங்கோ ஒரு படி இறங்கி வழியும் ஓசை.

பிறகு, அசட்டையாக, யாரோ வேறெதையோ பார்த்துக்கொண்டு சொல்வது போல:

"ம்ம்."

"அக்கா, நான் பேசறது கேக்குதா? நான்தான்…"

"ம்ம்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டாகிவிட்டது. பேசக் கூடாது. பேசினால் மூன்றாவது வரும். பேசாவிட்டாலும் வரும். அவனுக்குத் தெரியும். அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

பின்னால் ஈரக் காலடி. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

வெள்ளைக் கோட்டுக் கை ஒன்று அவன் இடுப்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. அவன் செருப்பு இரண்டையும் ஜோடியாக, வாசலைப் பார்த்து, அவன் பாதங்களுக்கு முன்னால் வைத்தது. தண்ணீர் செருப்பின் வாரைத் தொட்டது.

"ம்ம்," என்றது கதவு.

அவன் கைக்கு அடியில் தாழ்ப்பாள் தானாக நகரத் தொடங்கியது.