நாலு கோடி வருஷத்துக்கு ஒரு மாவுக்கட்டு

"இன்னும் ரெண்டே நாள்! அதுக்குள்ள தலை கிடைச்சாகணும்!"

ஜீப்பிலிருந்து குதித்த வேகத்தில் பெனசீர் கத்தினாள். எதிரே கட்ச் வெட்டவெளி வெயிலில் தகதகத்தது. நடுவே ஒரு காய்ந்த ஓடை. அந்த ஓடையின் மஞ்சள் பாறையில்தான் மூன்று வருடங்களுக்கு முன் அவள் ஒரு கடல்பசுவின் விலா எலும்புகளைக் கண்டுபிடித்திருந்தாள். சாதாரணக் கடல்பசு இல்லை. இந்த இடம் கடலாக இருந்தபோது, நாலு கோடி வருடங்களுக்கு முன், நான்கு கால்களோடு நீந்திய கடல்பசு! இடுப்பெலும்பும் பின்னங்கால் எலும்பும்கூடக் கிடைத்துவிட்டன. மண்டையோடு மட்டும் அகப்படவில்லை. அது இல்லாமல் இதைப் புதிய இனம் என்று சொல்ல முடியாது, பெயரும் வைக்க முடியாது. போதாக்குறைக்குத் தெற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. முதல் மழைக்கே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். மிச்சம் மீதி இருப்பதையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

"மூணு வருஷ உழைப்புடி சகாயம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத புள்ள. நான் எதுக்கு வந்துருக்கேன்?" என்றாள் சகாயராணி.

இருவரும் தொண்டியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பெனசீர் தொல்லுயிர் ஆராய்ச்சிக்குப் போனாள். சகாயம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போனாள். அவர்கள் ஊரில் கடல்பசுவுக்கு ஆவுளியா என்று பெயர். செத்துக் கரை ஒதுங்கும் ஆவுளியாக்களை வனத்துறை ஆட்களோடு சேர்ந்து புதைத்த அனுபவம் சகாயத்துக்கு உண்டு. அதனால்தான் பெனசீர் அவளை ரயிலேற்றிக் கூட்டி வந்திருந்தாள். மூன்றாவது ஆள், ஜீப் ஓட்டும் ஹமீர்பாய். அவருக்குத் தமிழ் தெரியாது, சகாயத்துக்கு இந்தி தெரியாது. ஆனாலும் இருவரும் காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்!

வேலை தொடங்கியது. ஓடை சரிந்து இறங்கும் பக்கமாகவே மூவரும் தேடினார்கள். சந்தேகமான துண்டு எதைப் பார்த்தாலும் பெனசீர் அதைத் தட்டிவிட்டு நாக்கில் வைத்தாள்.

"அடியே! உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"கல்லுன்னா நாக்குல ஒட்டாது. பழைய எலும்புன்னா பசக்குன்னு ஒட்டும். நீயும் நக்கிப் பாரு!"

சாயங்காலத்துக்குள் சகாயம் பாதி கட்சை நக்கித் தீர்த்துவிட்டாள். கிடைத்தது ஒன்றுமில்லை. உடம்பெல்லாம் உப்புத் தூசி. கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது அவளுடைய பதினைந்து வருடப் பழக்கம். யாரையும் கேட்காமல் ஜீப்பின் பின்னாலிருந்த நீலக் கேனைத் தூக்கி, தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஜம்மென்று குளித்து முடித்தாள்!

மறுநாள் காலை. மேகம் பாதி வானத்தை மறைத்துவிட்டது. பெனசீர் மறுபடியும் ஓடை சரியும் பக்கம் கிளம்பினாள். சகாயம் நகரவில்லை.

"அங்க எதுக்குப் போற?"

"வெள்ளம் தலையை அந்தப் பக்கம்தானே இழுத்துட்டுப் போயிருக்கும்?"

"அது இப்ப ஓடுற ஓடைடி! ஆவுளியா செத்தது கடல்ல. செத்த ஆவுளியா உப்பி மிதக்கும். மொதல்ல தலைதான் கழண்டு விழும். ஒடம்பு நீரோட்டத்தோட போயி, பொறவுதான் தரை தட்டும். அப்ப தலை, நீரோட்டம் வந்த பக்கம்ல கெடக்கும்?"

பெனசீர் அப்படியே நின்றுவிட்டாள். "ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வந்ததுன்னு எப்படித் தெரியும்?"

சகாயம் பாறையில் குப்புறப் படுத்தாள். பாறைக்குள் விரல் நீளக் கூம்புச் சிப்பிகள் ஏராளமாகப் பதிந்திருந்தன. பெரும்பாலானவை மேற்கே பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

"வெறுங்கூடு தண்ணியில உருண்டா, கூர்மூக்கு ஓட்டம் வர்ற தெசைக்குத் திரும்பிரும். தெனமும் பாக்குறேன். மேக்க வாடி!"

ஓடினார்கள்! மேற்கே, ஓடைக் கரையின் அடியில், பானை அளவுக்கு ஒரு புடைப்பு. சகாயம் மண்ணைத் துடைத்துவிட்டு நாக்கை வைத்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது!

"ஒத்துதுடி... ஒத்துது!" என்று நாக்கை எடுக்காமலே கத்தினாள்.

பெனசீர் தூரிகையால் தள்ளத் தள்ள, நீண்ட முகவாய் தெரிந்தது. லேசாகக் கீழே வளைந்திருந்தது. பல்வரிசையும் அப்படியே இருந்தது. அவள் சிரித்தாள், அழுதாள், ஹமீர்பாயைக் கட்டிப்பிடித்தாள்.

மண்டையோட்டைச் சுற்றிப் பாறையை வெட்டி முடிக்க மதியமாகிவிட்டது. "இனி மாவுக்கட்டு போடணும். உடைஞ்ச கைக்குப் போடுவாங்கள்ல, அதேதான். இல்லேன்னா தூக்கும்போது நொறுங்கிரும். சகாயம், அந்த நீலக் கேன் தண்ணியை எடு!"

சகாயத்தின் முகம் வெளுத்தது.

"அது... அது குளிக்கிற தண்ணி இல்லியா?"

பெனசீர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். குடிக்க இரண்டு பாட்டில்தான் மிச்சம். கிணறு பதினாலு கிலோமீட்டர். ஜீப் போய்த் திரும்புவதற்குள் வெள்ளம் முந்திக்கொள்ளும்!

டப்! அவள் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து நூறு சொட்டு.

"மழை வந்துருச்சே!" என்று அலறினாள் பெனசீர்.

"மழைன்னா தண்ணிதானடி!" சகாயம் ஜீப்பின் தார்ப்பாயை உருவினாள். ஹமீர்பாய்க்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். தார்ப்பாய் குழிந்து தண்ணீர் சேர்ந்தது. பெனசீர் எலும்பின் மேல் ஈரக் காகிதம் ஒட்டி, மாவைக் கரைத்து, சாக்குத் துணியை முக்கி முக்கிச் சுற்றினாள். பிறகு மூவரும் தார்ப்பாயைக் கட்டின் மேல் கூடாரமாகப் பிடித்தார்கள். இறுக இன்னும் இருபது நிமிடம்! மேலேயிருந்து வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது.

"பதினெட்டு... பத்தொம்பது..." என்று நிமிடங்களை எண்ணிய பெனசீர், "இழு!" என்று கத்தினாள்.

சகாயம் கட்டின் கீழ் கயிற்றை நுழைத்து வலைக்காரர் முடிச்சு போட்டாள்.

"ஐலசா!"

"ஐலசா!" என்று ஹமீர்பாயும் கர்ஜித்தார். கட்டு புரண்டு கரையேறிய மறு நிமிடம், சேற்று வெள்ளம் அந்தக் குழியை மூடிக்கொண்டு ஓடியது. மூவரும் மழையில் குதித்துக் குதித்து ஆடினார்கள்.

அடுத்த வருடம் பெனசீர் தொண்டிக்கு வந்தாள். கையில் கட்டுரை. உள்ளே, நான்கு கால்களோடு கொழுகொழுவென்று ஒரு கடல்பசுப் படம்.

"இன்னைக்கு ஓடுற ஓடையைப் பாத்து அன்னைக்கு இருந்த கடலைத் தேடிட்டேன். நீ வராட்டி இன்னும் அங்கேயே சுத்திக்கிட்டிருப்பேன்," என்றாள். "அதான் இதுக்கு உன் பேரையே வச்சுட்டேன்."

"இம்புட்டுக் குண்டா இருக்கு! என் பேரா?" என்று சண்டைக்குப் போனாள் சகாயம். அன்று முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் மறுநாள் விடியலில் பாசிப் படகு நிறையப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது, அவள் இடுப்பில் கைவைத்து நின்று அதட்டிய குரல் கரைவரை கேட்டது.

"தள்ளி உக்காருங்கடி! நாலு கோடி வருஷமா இந்தக் கடல்ல இருக்கேன், எனக்கு எடம் இல்லியா?"