தனியாக இருக்கவும்

மச்சினி வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் மடிக்கணினி திறந்து கிடப்பதைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ம்."

"பொய் சொல்லவாவது ஒழுங்கா கத்துக்கக் கூடாதா? அடுப்பு காஞ்சு கிடக்கு."

அவன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். மனைவி போன பிறகு அவனுக்குப் பேச்சு சுருங்கிவிட்டது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் மனைவி அவனுக்காகப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தாள். எல்லாம் அவளுடைய இணையக் கணக்குக்குள் பூட்டிக் கிடந்தன. நெடுநாளாக யாரும் உள்ளே வரவில்லை, இன்று மாலை ஆறு மணிக்குக் கணக்கு அழிக்கப்படும் என்று அவனுடைய மின்னஞ்சலுக்கு அறிவிப்பு வந்திருந்தது. அது ஏன் தனக்கு வந்தது என்று அவன் யோசிக்கவில்லை.

கடவுச்சொல் தெரியாது. ஓடிபி வரும் அவளுடைய போன் எண்ணை அவனே ரத்து செய்துவிட்டான். காரியங்களை ஒழுங்காக முடிக்க வேண்டுமென்று, முதல் வாரத்திலேயே. இப்போது அந்த எண் யாரோ ஒரு லாரி ஓட்டுநரிடம் இருந்தது. கெஞ்சிப் பார்த்தான். "தம்பி, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கே," என்றார் அவர். நியாயம்தான்.

மிச்சமிருந்தது முகம்.

அவன் வேலையே முகம் பார்ப்பதுதான். அடையாள அட்டையில் உள்ள படத்தையும் புதிதாக எடுத்த படத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே ஆள்தானா என்று முடிவு சொல்வான். அண்ணன் பெயரில் நுழையப் பார்த்த தம்பிகளை ஈவிரக்கமில்லாமல் நிராகரித்திருக்கிறான். இன்று அதே திருட்டுக்கு மச்சினியை உட்கார வைத்து, வகிட்டை அக்காவைப் போல மாற்றச் சொன்னான்.

"அக்காவுக்கு இது பிடிக்காது. அவ போனைத் தொட்டாலே கையைத் தட்டி விடுவா."

"தெரியும்."

திரை கேட்டபடி கண்ணைச் சிமிட்டினாள். தலையைத் திருப்பினாள். சிவப்பு எழுத்து வந்தது: இவர் உரிமையாளர் அல்ல.

"என் மூஞ்சி டூப்ளிகேட்டாம்," என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அவன் 'வேறு வழிகள்' என்பதை அழுத்தினான். எல்லாவற்றுக்கும் அடியில், இதுவரை அவன் கண்ணில் படாத ஒன்று: நம்பிக்கைக்குரியவர். தொட்டதும் ஒரு படம் விரிந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கும் அவன். கட்டிலில் படுத்தபடியே எடுத்து, இங்கே பதிந்து வைத்திருக்கிறாள்.

அறிவிப்பு ஏன் தனக்கு வந்தது என்று இப்போது புரிந்தது. அவள் கணக்குக்குள் நுழைய அவன் முகமே போதும்.

கேமராவின் முன் தனியாக இருக்கவும், என்றது திரை.

மச்சினி எழுந்து விலகினாள். அவன் உட்கார்ந்தான். அவன் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது.

பக்கத்தில் இன்னொரு கட்டம்.

இடது தோளுக்கு மேல், வெறும் காற்றைச் சுற்றி.

"நீ இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

"நான் கதவுகிட்ட நிக்கறேன் மாமா."

சுவரில் படமோ நாட்காட்டியோ இருந்தால் இயந்திரம் ஏமாறும். அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தான். ஆணிகூட இல்லாத சுவர்.

கண்களைச் சிமிட்டவும்.

அவன் சிமிட்டவில்லை.

பக்கத்துக் கட்டத்தில் சரிக்குறி விழுந்தது.

மருந்து வாடை வந்தது. அதற்கு அடியில் அவள் தலைமுடியின் வாடை. தலையணை உறையைத் துவைத்த அன்றே அந்த வாடை வீட்டைவிட்டுப் போயிருந்தது.

இன்னொருவர் இருக்கிறார். அவரை விலகச் சொல்லவும்.

ஆறு மணி ஆகப்போகிறது.

"சொல்லுங்க மாமா," என்று மச்சினி கிசுகிசுத்தாள். "விட்டா அந்தக் குரல் திரும்பக் கிடைக்காது."

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் மச்சினியே சொன்னாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ. நீ பேசினதைக் கேக்கத்தான்."

கட்டம் அசைந்தது. சொன்ன பேச்சைக் கேட்பதுபோல மெல்லத் திரையின் ஓரத்துக்கு நகர்ந்தது. பாதி வெளியே போய்விட்டது.

"போகாத," என்றான்.

கட்டம் நின்றது.

"அதெல்லாம் வேண்டாம். நீ இரு."

அது திரும்பி வந்தது. இப்போது நேராக நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவன் தோளின் மேல் இறங்கியது.

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் கணக்கு நீக்கப்பட்டது என்ற வரி வந்தது. கேமராவின் விளக்கு அணைந்தது. கட்டங்களும் போயின.

"மாமா, லைட்டைப் போடட்டுமா?"

அவன் இடது தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் மட்டும் அவன் சட்டை, கொஞ்சம் கொஞ்சமாக, நனைந்துகொண்டிருந்தது.