அண்ணாமலை, த/பெ சின்னுசாமி

முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் சுரேந்தர் சிஸ்டம் அனலிஸ்ட்டாகத்தான் இருந்தான். அதற்கப்புறம் வெறும் மனிதனாகிவிட்டான்.

சேந்தமங்கலத்தில் பஸ் ஏறும்போதே தகராறு. ஜன்னலோரத்தில் ஒரு பெண், மடியில் பிரிண்டர் ரிப்பன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த சீட்டைக் குடுக்கறீங்களா? முக்கியமான டாக்குமென்ட் படிக்கணும், வெளிச்சம் வேணும்."

"மலையேறையில படிச்சா தலை சுத்துமுங்க. பேசாம உக்காருங்க."

பேசாமல் உட்காருகிற ஜாதியா அவன்... சுருள் கம்பி போட்டு பைண்ட் செய்த புத்தகத்தை விரித்துப் பக்கத்து சீட்டுக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டான். அட்டையில் அவன் பெயர் இருந்தது. மலை அதை மதிக்கவில்லை. முப்பத்தெட்டாவது வளைவில் அவன் முகம் வெளுத்ததும், அவளாகவே எழுந்து ஜன்னலை விட்டுக்கொடுத்தாள். கையில் அரை எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள்.

"மோந்து பாருங்க. டாக்குமென்டை வெளிய போட்றாதீங்க."

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். மழைக்குச் சற்று முந்தைய மலைபோல... கறுத்து, குளிர்ந்து, சிரிப்பை உள்ளே பூட்டி வைத்திருந்தன. மனதுக்குள் ஒரு கவிதை வந்தது. கூடவே வேறொன்றும் வந்ததால் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அது 2002ஆம் வருஷத்து ஐப்பசி. மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு மிளகு விவசாயிகளின் சங்கத்துக்கு அந்த வருஷம்தான் இரண்டு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒன்று கவுண்டரில். இன்னொன்று சர்வர் என்பதால் அதற்கு மரியாதை அதிகம். தலைவர் அர்த்தநாரி அதைத் தன் அறையிலேயே வைத்து, சந்தனம் தடவி, பிளாஸ்டிக் மாலையும் போட்டிருந்தார். சாஃப்ட்வேர் செய்தது சுரேந்தரின் நாமக்கல் கம்பெனி. கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். மற்றவர் முதலாளி.

சங்கத்தில் உறுப்பினர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மிளகு நாற்று வாங்குவோர் பட்டியலைக் கேட்டால், கம்ப்யூட்டர் ஐந்நூற்று முப்பத்துநாலு வரி அச்சடித்தது. மறுநாள் கீழேயிருந்து கூட்டுறவு இன்ஸ்பெக்டர் வருகிறார். பட்டியல் தப்பாயிருந்தால் இரண்டு கம்ப்யூட்டரும் சேந்தமங்கலத்துக்கு இறங்கிவிடும். ஒரு நாற்றுச் சீட்டுக்காக ஜனங்கள் எழுபது வளைவும் இறங்கி ஏற வேண்டும். ஆபரேட்டருக்கும் வேலை போய்விடும்.

ஆபரேட்டர் யாரென்று கவுண்டரில் எட்டிப் பார்த்தான். எலுமிச்சம்பழம்.

"மேனகாங்க," என்றாள், ரிப்பனை மாட்டிக்கொண்டே. "இப்பத் தேவலைங்களா?"

அவன் நேராக அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்றது திரை. கேபிளைப் பிடுங்கிச் செருகினான். ஏதேதோ தட்டினான். ஒரு மணி நேரம் போனது. மூன்றாவது முறை கேபிளைப் பிடுங்கியபோது அவள் ஒரு சாவியை நீட்டினாள்.

"தலைவரு சாப்பிடப் போனா ரூம்ல மெயினை அணைச்சுப் பூட்டிட்டுப் போவாருங்க. சர்வருக்கும் ரெஸ்ட் வேணுமாமா."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?"

"ஆபரேட்டருங்க கருத்துச் சொல்லலாங்களா?"

அவள் கண் மவுஸின் மேல் போய் நின்றது. மவுஸுக்கு அடியில் ஒரு காகிதம். அவன் கம்பெனிக் காகிதம். பாதிப் பக்கத்தை அடைத்திருந்தது அவன் கையெழுத்து. 'ஆபரேட்டர்கள் டிசைனில் கருத்துக் கூறத் தேவையில்லை.' தை மாதம் எம். மேனகா என்று யாரோ இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். இரண்டாவது வரிக்கு மேல் படிக்காமல் போட்ட பதில் அது.

"இதை எதுக்குங்க இங்க..."

"நல்ல காகிதமுங்க. மவுஸ் வழுக்காம ஓடுது."

அறையைத் திறந்து மெயினைப் போட்டதும் தொடர்பு வந்தது. உறுப்பினர் பட்டியலை எண்ணச் சொன்னான். நானூற்றுப் பன்னிரண்டு. நிலப் பட்டியலை எண்ணச் சொன்னான். அதுவும் நானூற்றுப் பன்னிரண்டு. தட்டச்சில் ஒரு பிசகும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பட்டியல் கேட்கிற கட்டளையான குவெரியை ஓட்டினால் மட்டும் ஐந்நூற்று முப்பத்துநாலு. அந்தக் குவெரி அவன் எழுதியது. 'மக்கள் எண்ணை மறப்பார்கள், பெயரை மறக்கமாட்டார்கள்' என்று பைண்ட் செய்த புத்தகத்தில் தனி அத்தியாயமே எழுதி, உறுப்பினர் எண்ணை விட்டுவிட்டுப் பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துச் சேர்த்திருந்தான்.

மேனகா பென்சிலால் ஒரு வரியைத் தொட்டாள். அண்ணாமலை, த/பெ சின்னுசாமி. நாலு தடவை இருந்தது.

"ஆளு ரெண்டுதானுங்க. ஒருத்தரு தாத்தா, ஒருத்தரு பேரன். தாத்தா பேரைப் பேரனுக்கு வெச்சாங்கன்னா அப்பன் பேரும் ஒண்ணாத்தானே வரும்? உங்க குவெரி தாத்தனைப் பேரன் நெலத்துலயும், பேரனைத் தாத்தன் நெலத்துலயும் சேத்து நிறுத்துது. இப்பிடி அறுவத்தியோரு ஊடு இருக்குங்க. அதைத்தான் ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தேன்."

வீட்டுக்கு இரண்டு வரி அதிகம். நூற்றிருபத்திரண்டு. கணக்கு அச்சாக உட்கார்ந்தது. சுரேந்தர் உட்கார முடியாமல் எழுந்துவிட்டான்.

முதலாளிக்குப் போன் செய்தான். சங்கத்துப் போன் மேனகாவின் மேஜையில்தான் இருந்தது. முதலாளியின் குரலும் அடக்கமானதல்ல.

"நம்மகிட்ட தப்புன்னு வாயைத் தொறந்துராத. இன்னும் பத்துச் சங்கம் வாங்கப் போகுது. அந்தப் புள்ள டைப் அடிச்சதுல மிஸ்டேக்குன்னு சொல்லிப்போட்டு, சத்தமில்லாம ஒரு வரியை மாத்திட்டு வந்துரு."

அவள் ஒன்றும் கேட்காதவள்போல ஐந்நூற்று முப்பத்துநாலு வரிக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக... ஓரம் ஓரமாக... ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். மாலை போட்ட சர்வருக்கு முன்னால் நாற்காலிகள் போடப்பட்டன. காலையிலேயே முதலாளியின் போன் வந்திருந்த அர்த்தநாரி தொண்டையைச் செருமினார்.

"சாஃப்ட்வேரெல்லாம் அருமைங்க. இந்தப் புள்ளதான் ஆளுக்கு ரெண்டு தடவை அடிச்சுப் போடுச்சு. மாத்தி வேற ஆளை வெச்சுக்கறோம்."

மேனகா கதவோரம் நின்றாள். ஒரே ஒரு தடவை சுரேந்தரைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை. நீ இப்படித்தான் செய்வாய் என்று ஏற்கெனவே தெரிந்துகொண்ட பார்வை. முப்பத்தெட்டாவது வளைவு மறுபடி வந்தது போலிருந்தது. அப்போது எலுமிச்சம்பழம் இருந்தது.

"தப்பு என்னுதுங்க," என்றான்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க அடிச்சது அத்தனையும் சரி. நான் எழுதினதுதான் தப்பு. தை மாசமே எடுத்துச் சொல்லி லெட்டர் போட்டிருந்தாங்க. நான் படிக்கலை."

"தாத்தா பேரை வெக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுமுங்க. சொந்த ஊரு இந்த மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிதான். எனக்கு வெச்ச பேரே சின்னுசாமிங்க, எங்க தாத்தா பேரு." குரல் இறங்கியது. "விசிட்டிங் கார்டுலதான் சுரேந்தர்."

அர்த்தநாரி இருமுவதுபோலச் சிரித்தார். சின்னுசாமி திரும்பி உட்கார்ந்து, அந்த ஒரு வரியில் பெயரை எடுத்துவிட்டு உறுப்பினர் எண்ணைப் போட்டான். பிரிண்டர் கரகரத்தது. நானூற்றுப் பன்னிரண்டு. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் மலையிலேயே இருக்கும். ஆபரேட்டரும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மழை பிடித்துக்கொண்டது. மேனகா குடையோடு வந்து, இன்னொரு அரை எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"எறங்கறதுக்கு. எறக்கம் இன்னும் மோசமுங்க."

"முதலாளி வேலையை விட்டு அனுப்பிருவாருன்னு நெனைக்கிறேன்."

"தலைவரு வேற கம்ப்யூட்டர் ஆளே வேண்டாம், அந்தச் சின்னுசாமி வந்தாப் போதும்னு இப்பத்தான் அவருக்குப் போன் போட்டாரு. அனுப்ப மாட்டாருங்க."

மழை தகர ஓட்டில் விழுந்தது. அவன் எலுமிச்சம்பழத்தை உருட்டினான்.

"அப்ப அடுத்த மாசம் வாரேங்க."

"எல்லாந்தான் சரியாயிருச்சே. எதுக்குங்க?"

"பாக்க."

"சர்வரையா?"

"இல்லீங்க..." எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டான். "நேத்து பஸ்ல ஜன்னல் சீட்டை விட்டுக் குடுத்தீங்களே, அப்ப இருந்தே... உங்களைக் கட்டிக்கணும்னு. டிசைன்ல எதாச்சும் கருத்து இருந்தாச் சொல்லுங்க. இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படிப்பேன்."

பஸ் வந்து நின்றது. அவள் குடைக்குள்ளிருந்து மழையைத்தான் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணில் பூட்டி வைத்திருந்தது திறந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, உங்க அப்பா பேரென்ன?"

"அண்ணாமலை."

"அப்பப் பொறக்கற பையனுக்கும் அதே பேருதான்." விரலால் குடைக்காம்பைத் தட்டினாள். "அண்ணாமலை, தகப்பன் பேரு சின்னுசாமி. பட்டியல்ல மூணாவது ஆளு. உங்க குவெரி தாங்குமான்னு ஓட்டிப் பாத்துப்போட்டு, எங்க ஊட்டுக்கு வந்து கேளுங்க."